விதையா, பெயரா, ஊரா, முறையா: டெல்டா நெல்லுக்கு எந்தப் பதிவு?

மரபு நெல்லை அரிசியாகவும் அவலாகவும் மாற்றிப் பையில் போட்டு விற்கும் உழவர் உற்பத்தியாளர் நிறுவனங்கள் காவிரி டெல்டாவில் இன்று பல உண்டு. விற்பனை கொஞ்சம் சூடுபிடித்ததும் இயக்குநர் கூட்டத்தில் ஒரு பேச்சு எழும்: “நம்ம நெல்லுக்கு ஒரு பேட்டன்ட் போட்டுட்டா என்ன? நாளைக்கு வேற யாராச்சும் போட்டுட்டா?” இந்தப் பயம் நியாயமானது. ஆனால் அதற்குப் பேட்டன்ட், அதாவது காப்புரிமை, வழி ஆகாது. காப்புரிமைச் சட்டம் 1970-இன் 3-ஆம் பிரிவு செடி, விதை, ரகம் எல்லாவற்றையும் காப்புரிமைக்கு வெளியே நிறுத்திவிட்டது. பயிர் செய்யும் முறைக்கும் கிடையாது, மரபறிவுக்கும் கிடையாது.

அதனால் முதலில் கேட்க வேண்டியது, உங்களிடமிருந்து எதை ஒருவர் எடுத்துக்கொண்டு போக முடியும் என்பதுதான். விதை போகலாம். பைமேல் உள்ள பெயர் போகலாம். ஊரின் நற்பெயரை வேறு ஊர்க்காரர் தன் பையில் அச்சடிக்கலாம். புழுக்கும் பக்குவத்தை ஆலைக்காரர் கற்றுக்கொண்டு போகலாம். இந்த நான்குக்கும் நான்கு தனிச் சட்டங்கள். வணிகக் குறி (டிரேட்மார்க்), புவிசார் குறியீடு, காப்புரிமை ஆகிய மூன்றுக்கும் அலுவலகம் சென்னை கிண்டியில் இருக்கிறது. ரகப் பதிவுக்கான ஆணையம் டெல்லியில். ஒன்றுக்கு எடுத்த சான்றிதழ் மற்றொன்றைக் காக்காது. ரகத்தைப் பதிந்துவிட்டு “நம்ம அரிசிப் பேரை ஆன்லைன்ல ஒருத்தன் போட்டு விக்கிறான், நடவடிக்கை எடுங்க” என்று வருபவர்கள் ஏமாந்து திரும்புவது இதனால்தான்.

எங்கள் கணிப்பை இங்கேயே சொல்லிவிடுகிறோம். அரிசி விற்கும் குழுவுக்கு முதல் பதிவு வணிகக் குறி. வயலில் தானே பொறுக்கி எடுத்த விதை கையில் இருந்தால், உழவர் ரகப் பதிவை அதோடு சேர்த்தே தொடங்க வேண்டும். புவிசார் குறியீடு, ரகமும் நிலமும் உண்மையிலேயே ஒட்டியிருக்கும் இடத்தில் மட்டும். காப்புரிமை மிகச் சிலருக்கே பொருந்தும்.

விதைக்கு: உழவர் ரகப் பதிவு

பயிர் ரகங்கள் பாதுகாப்பு மற்றும் உழவர் உரிமைகள் சட்டம் 2001, கம்பெனி வளர்த்த ரகத்தோடு உழவர் வளர்த்த ரகத்தையும் ஒரே ஏட்டில் பதிகிறது. உழவருக்குக் கட்டணம் இல்லை. நெல்லுக்குப் பாதுகாப்புக் காலம் 15 ஆண்டு. முதல் பதிவு 6 ஆண்டுக்கு, பிறகு நீட்டிப்பு.

இங்கே இரண்டு நிலைகளைப் பிரித்துப் பார்க்க வேண்டும். மாப்பிள்ளைச் சம்பா, கருப்புக் கவுனி, காட்டுயானம், பூங்கார், தூயமல்லி போன்றவை பல மாவட்டங்களில் பல கைகள் மாறி வந்தவை. நெல் ஜெயராமன் ஆதிரெங்கத்தில் நடத்திய நெல் திருவிழாவில் 2 கிலோ வாங்கிச் செல்பவர் மறு ஆண்டு 4 கிலோவாகத் திருப்பித் தருவார். அப்படிப் பரவிய விதைக்குத் தனி ஒருவர் சொந்தம் கொண்டாடினால் சட்டத்திலும் நிற்காது, ஊரிலும் நிற்காது. இவற்றை ஒரு சமூகமாகச் சேர்ந்து பதியலாம். அதற்கு முன், அதே ரகம் வேறு பெயரில் ஏற்கெனவே பதிவாகியிருக்கிறதா என்று ஆணையத்தின் பதிவுப் பட்டியலையும் இதழையும் பார்த்தே ஆக வேண்டும். மரபு நெல்லில் ஒரே பெயரில் இரண்டு ரகமும், ஒரே ரகத்துக்கு ஊருக்கு ஒரு பெயரும் இருப்பது புதிதல்ல. பழைய ரகங்களைப் பதிவதற்குக் காலவரம்பு விதியும் உண்டு. விண்ணப்பம் எழுத உட்காரும் முன் ஆணையத்துக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்பி, நெல்லுக்கு அது இன்னும் திறந்திருக்கிறதா என்று எழுத்தில் பதில் வாங்கிக்கொள்ளுங்கள்.

இரண்டாவது நிலைதான் உண்மையில் பலன் தருவது. மாப்பிள்ளைச் சம்பா ஆளுயரத்துக்கு வளரும். பால் பிடிக்கும் நேரத்தில் காற்றோடு மழை வந்தால் சாய்ந்துவிடும். அப்படிச் சாய்ந்த வயலில் நிமிர்ந்து நின்ற ஒரு குத்திலிருந்து கதிரெடுத்து, தனியே விதைத்து, பருவம்தோறும் கலவன் (இடையில் கலந்து முளைத்த வேற்று ரகச் செடி) பிடுங்கி, குட்டையான சாயாத வரிசை ஒன்றை ஒரு விவசாயி நிலைநிறுத்தியிருந்தால், அது தாய் ரகத்திலிருந்து வேறுபட்ட ரகம். பதிவு கேட்கத் தகுதியானது.

ஆணையம் மூன்றைப் பார்க்கிறது: தெரிந்த ரகங்களிலிருந்து வேறுபாடு, வயலுக்குள் ஒரே சீர், தலைமுறை மாறினாலும் மாறாமை. நெல்லுக்கான சோதனை வழிகாட்டியில் 62 பண்புகள் உள்ளன. இலையுறையின் அடி நிறம், இலை தண்டைத் தொடும் இடத்தில் உள்ள நாக்கின் வடிவம், சூலக முடியின் நிறம், கதிரை ஒட்டிய கடைசி இலையான கண்ணாடி இலை நிற்கும் கோணம், மீசை உண்டா இல்லையா, பாதிப் பயிர் கதிர்விடும் நாள், உமி நீக்கிய அரிசியின் நிறம், மணம் என்று அது போகும். உழவர் ரகத்துக்கு ஒரு பருவம், இரண்டு இடங்களில் சோதனை. சீர்மையில் கம்பெனி ரகத்தைவிடச் சற்றுச் சலுகை உண்டு. ஆனாலும் விண்ணப்பங்கள் சறுக்குவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

காரணம் வயலிலேயே இருக்கிறது. குத்துக்கு மூன்று நான்கு நாற்று வைத்து நட்டால் எந்தச் செடி கலவன் என்று தெரியவே தெரியாது. விதைக்காக விடும் பகுதியில் குத்துக்கு ஒரே நாற்று, நூல் பிடித்த வரிசை, பக்கத்திலேயே ஒப்பிட ஒரு துண்டு தாய் ரகம் என்று நட வேண்டும். தூர் கட்டும்போது ஒரு முறை, கதிர் வரும்போது ஒரு முறை, முற்றும்போது ஒரு முறை இறங்கிப் பார்த்துக் கலவனை வேரோடு பிடுங்க வேண்டும். கதிரை மட்டும் கிள்ளினால் அடித்தூர் மறுபடி கதிர் விடும். அறுவடைக்கு இயந்திரம் ஏற்றக் கூடாது. முந்தைய வயலின் நெல் தொட்டியிலும் சல்லடையிலும் ஒட்டியிருந்து கலந்துவிடும். கையறுப்பு, கூட்டித் துடைத்த களம், புதுச் சாக்கு. ஆணையத்துக்கு அனுப்பும் விதையில் மருந்து கலந்திருக்கக் கூடாது. விதை நேர்த்தி செய்த மூட்டையிலிருந்து அள்ளி அனுப்பினால் திரும்பி வந்துவிடும்.

விண்ணப்பத்தோடு ஒரு சான்று வேண்டும். ஊராட்சியின் பல்லுயிர் மேலாண்மைக் குழுத் தலைவரோ செயலரோ, மாவட்ட வேளாண் அலுவலரோ, வேளாண் பல்கலைக்கழக ஆராய்ச்சி இயக்குநரோ கையெழுத்திடலாம். பண்புகளை எழுதி நிரப்புவது விவசாயிக்குத் தனியாக முடிகிற வேலை அல்ல. நீடாமங்கலம், சிக்கல் வேளாண் அறிவியல் நிலையங்களையோ, ஆடுதுறை நெல் ஆராய்ச்சி நிலையத்தையோ பயிர் நிற்கும்போதே அணுகுங்கள். அறுத்த பிறகு போய் நாக்கின் நிறம் என்ன என்று கேட்டால் யார் சொல்வது? ரகத்துக்கு வெறும் எண்ணைப் பெயராக வைக்க முடியாது. ஊர்ப்பெயர் சேர்த்தால் பதிவாளர் கேள்வி எழுப்புவார்.

சரி, சான்றிதழ் வந்தால் என்ன கிடைக்கும்? அந்த ரகத்தின் விதையை வணிகமாக உற்பத்தி செய்து விற்கும் தனியுரிமை. உங்கள் ரகத்தைச் சற்றே மாற்றி ஒரு கம்பெனி புது ரகம் செய்தால், உங்கள் சம்மதம் வேண்டும். பாதுகாத்து வளர்த்ததற்காக மரபணு நிதியிலிருந்து பரிசும் விருதும் கேட்கலாம். சமூகத்துக்கான விருது 10 லட்சம் ரூபாய்.

கிடைக்காததையும் தெளிவாகச் சொல்ல வேண்டும். சட்டத்தின் பிடி விதைப்பொருள்மேல் இருக்கிறது. தீட்டிய அரிசி முளைக்காது, அதனால் அது அந்தப் பிடியில் வராது. வேறொருவர் உங்கள் ரகத்தின் அரிசியை விற்பதை இந்தச் சான்றிதழ் தடுக்காது. அடுத்த வயல்காரர் உங்கள் விதையைச் சேமித்து, விதைத்து, பரிமாறி, விற்பதையும் தடுக்காது. 39-ஆம் பிரிவு அந்த உரிமையை எல்லா உழவருக்கும் தருகிறது. பாதுகாக்கப்பட்ட ரகம் என்று அச்சிட்ட பையில் பிராண்டு விதையாக விற்கக் கூடாது என்பது மட்டுமே விலக்கு.

இந்த 39-ஆம் பிரிவைத்தான் நாம் கண்போல் காக்க வேண்டும். 2019-இல் பெப்சிகோ நிறுவனம் தன் எஃப்எல் 2027 உருளைக்கிழங்கைப் பயிரிட்டதாகக் குஜராத் விவசாயிகள்மேல் தலைக்கு ஒரு கோடி ரூபாய்க்கு மேல் இழப்பீடு கேட்டு வழக்குப் போட்டது. எதிர்ப்பு வலுத்ததும் திரும்பப் பெற்றது. 2021 டிசம்பரில் ஆணையம் அந்த ரகப் பதிவையே ரத்து செய்தது. 2023 ஜூலையில் டெல்லி உயர் நீதிமன்றத்தின் தனி நீதிபதி அதைச் சரி என்றார். 2024 ஜனவரியில் இரு நீதிபதி அமர்வு அந்த ரத்தை நீக்கிவிட்டது. உழவர் உரிமைப் பிரிவு அப்படியே இருக்கிறது. ஆனால் அதைச் சொல்லி நிற்க விவசாயி நீதிமன்றம் வரை போக வேண்டியிருக்கிறது என்பதை அந்த வழக்கு காட்டிவிட்டது. 2025 நவம்பரில் மத்திய வேளாண் அமைச்சகம் விதை மசோதா வரைவை வெளியிட்டது. அதிலும் உழவருக்கான விலக்கு, பிராண்டு பெயரில் விற்காதவரை என்ற நிபந்தனையோடுதான் வருகிறது. விதையைப் பெயரிட்ட பையில் விற்கும் உற்பத்தியாளர் நிறுவனங்கள் ‘உழவர்’ என்ற விலக்குக்குள் நிற்குமா என்பது டெல்டாவுக்கு மிக முக்கியமான கேள்வி. புது ரகம் உருவாக்குவோரின் உரிமையைக் காக்கும் பன்னாட்டு யூபோவ் உடன்படிக்கையில் இந்தியா சேரவில்லை. வெளிநாடுகளோடு வணிகப் பேச்சு நடக்கும்போதெல்லாம் சேரச் சொல்லும் அழுத்தம் வருகிறது. சேர்ந்தால் முதலில் சுருங்கக்கூடியது 39-ஆம் பிரிவுதான்.

மரபணு திருத்த நெல்லும் இந்தப் பேச்சுக்குள் வந்துவிட்டது. 2025 மே மாதம் இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகம் இரண்டு ரகங்களை அறிவித்தது. அவற்றில் ‘கமலா’ என்ற டிஆர்ஆர் தான் 100, நம் ஊரில் பிபிடி என்று சொல்லும் சம்பா மசூரியிலிருந்து வந்தது. விதைக்குக் காப்புரிமை இல்லை என்று நம் சட்டம் சொன்னாலும், மரபணுவைத் திருத்தும் கருவிக்கு வெளிநாட்டில் காப்புரிமை இருக்கிறது. கருவியின் உரிமம் நாளைக்கு விதை விலையில் ஏறுமா என்று உழவர் அமைப்புகள் கேட்பதில் தவறே இல்லை. அதற்கு எழுத்தில் பதில் வர வேண்டும்.

பெயருக்கு: வணிகக் குறி

உங்கள் வருமானம் அரிசியில் இருந்து வருகிறது என்றால், உங்களுடைய பெரிய சொத்து வாடிக்கையாளர் நினைவில் வைத்திருக்கும் பெயர். திருட மிக எளிதானதும் அதுதான். அதனால் முதல் செலவை இங்கே செய்யச் சொல்கிறோம்.

படிவம் டிஎம்-ஏ. இணையவழிக் கட்டணம் ஒரு வகுப்புக்கு 4,500 ரூபாய். இது தனிநபர், ஸ்டார்ட்அப், சிறு நிறுவனம் ஆகியோருக்கு. மற்றவர்களுக்கு 9,000. உங்கள் நிறுவனம் சிறு, குறு தொழில்களுக்கான உத்யம் பதிவு எடுத்திருந்தால் அந்தச் சான்றிதழைச் சேர்த்துப் பாதிக் கட்டணத்தில் போடலாம். இதைச் சேர்க்க மறந்து இரட்டிப்பாகக் கட்டியவர்கள் உண்டு. அரிசி, அவல், மாவு ஆகியவை 30-ஆம் வகுப்பு. விதைநெல், பதப்படுத்தாத தானியம் 31-ஆம் வகுப்பு. அரிசியும் விதையும் இரண்டையும் விற்பவர் இரண்டிலும் போட வேண்டும். 30-இல் மட்டும் போட்டுவிட்டு விதைப் பையிலும் அதே பெயரை அடித்தால், அங்கே காப்பு அவ்வளவு உறுதியாக இராது.

எந்தப் பெயர் நிற்கும் என்பதில்தான் பலர் தவறுகிறார்கள். ‘தஞ்சை மாப்பிள்ளைச் சம்பா’ என்று விண்ணப்பித்தால் வணிகக் குறிச் சட்டத்தின் 9-ஆம் பிரிவின்கீழ் ஆட்சேபம் வரும். தஞ்சை ஊர், மாப்பிள்ளைச் சம்பா ரகம். பொருளை விவரிக்கும் சொற்களை ஒருவருக்கு மட்டும் எழுதிக் கொடுக்க முடியாது. ‘டெல்டா நேச்சுரல்’, ‘காவிரி ஆர்கானிக்’ போன்றவையும் இதே குழியில் விழுகின்றன. அரிசிக்குச் சம்பந்தமில்லாத சொல், அல்லது நீங்களே கட்டிய சொல் வேண்டும். ரகமும் ஊரும் அதன் கீழே சிறிய எழுத்தில் விவரமாக வரட்டும். ஒரு கிலோ பையின் முகப்பை இப்படிப் பிரித்துப் பாருங்கள்: மேலே உங்கள் சொல், அது உங்களுடையது, நடுவில் ரகத்தின் பெயர், அது எல்லாருடையது, கீழே ஊர், உணவு உரிம எண், எடை, தேதி. இந்த மூன்றையும் ஒன்றாகக் குழைத்து ஒரே லோகோவாகப் பதிந்தால், நாளைக்குக் கவுனி அவல் விற்கும்போது அந்தப் பதிவு உதவாது.

விண்ணப்பிக்கும் முன் பதிவகத்தின் பொதுத் தேடலில் அந்தச் சொல்லையும் அதே ஒலியில் வரும் சொற்களையும் 30, 31 இரண்டு வகுப்பிலும் தேடுங்கள். தமிழ் எழுத்தில் உள்ள சொல்லைப் பதியலாம். ஆங்கில எழுத்தில் அதன் ஒலியையும் பொருளையும் சேர்த்துக் கொடுக்க வேண்டும். சொல்லைத் தனியாகவும் படத்தைத் தனியாகவும் பதிவது நல்லது. பணம் ஒன்றுக்குத்தான் இருக்கிறது என்றால் சொல்லைப் பதியுங்கள். படம் மாறும், சொல் மாறாது.

இனி, பிசகும் இடங்கள். தலைவரோ ஒரு இயக்குநரோ அவசரத்தில் தன் சொந்தப் பெயரில் விண்ணப்பித்துவிடுகிறார். இரண்டு வருடம் கழித்து மனக்கசப்பில் விலகும்போது பெயரும் அவரோடு போய்விடுகிறது. விண்ணப்பதாரர் கட்டத்தில் நிறுவனத்தின் பெயர் இருக்கிறதா என்று கூட்டத்திலேயே எல்லாரும் பார்க்க வேண்டும். அடுத்தது லோகோ. வெளியாள் ஒருவர் வரைந்து கொடுத்து நீங்கள் பணம் கொடுத்துவிட்டாலும், எழுத்தில் மாற்றித் தராதவரை பதிப்புரிமை வரைந்தவரிடமே இருக்கும். அரைப் பக்க ஒப்பந்தம், இரண்டு கையெழுத்து, அவ்வளவுதான் வேலை. அதைச் செய்யாமல் விடுகிறார்கள். மூன்றாவது, பதிவகம் அனுப்பும் ஆய்வறிக்கைக்குப் பதில். அறிக்கை கிடைத்து 30 நாளுக்குள் பதில் போகாவிட்டால் விண்ணப்பம் கைவிடப்பட்டதாகிவிடும். அறிக்கை முகவரின் மின்னஞ்சலுக்குப் போகும். முகவர் மாறியிருப்பார், யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். நிறுவனத்தின் மின்னஞ்சலையே கொடுங்கள். பதில் ஏற்கப்பட்டால் இதழில் வெளியாகும். அதன்பின் நான்கு மாதத்துக்குள் யாரும் எதிர்ப்புத் தெரிவிக்கலாம். எதிர்ப்பு இல்லாவிட்டால் பதிவு, 10 ஆண்டுக்கு. பிறகு எத்தனை முறை வேண்டுமானாலும் புதுப்பிக்கலாம்.

விண்ணப்பித்த அன்றே டிஎம் என்று போட்டுக்கொள்ளலாம். வட்டத்துக்குள் ஆர் அடையாளத்தைப் பதிவுக்கு முன் போடுவது சட்டப்படி தவறு. அச்சகத்தில் ஆயிரக்கணக்கில் பை அடிக்கும் முன் இதைச் சரிபாருங்கள்.

பல குழுக்கள் சேர்ந்து ஒரே பெயரில் விற்க நினைத்தால் கூட்டுக் குறி இருக்கிறது. யார் உறுப்பினர், தரம் என்ன, மீறினால் என்ன என்று விதிமுறை எழுதி அதோடு கொடுக்க வேண்டும். ‘சான்றுக் குறி’ என்று இன்னொன்றும் உண்டு. அதை வைத்திருப்பவர் அதே பொருளை விற்கக் கூடாது. அரிசி விற்கும் உற்பத்தியாளர் நிறுவனம் சான்றுக் குறிக்கு விண்ணப்பித்தால் அந்த ஒரு காரணத்துக்காகவே போய்விடும்.

ஊருக்கு: புவிசார் குறியீடு

டெல்டாவுக்கு இது புதிதல்ல. சுவாமிமலை வெண்கலச் சிலை, நாச்சியார்கோயில் குத்துவிளக்கு, தஞ்சாவூர் ஓவியம், தலையாட்டி பொம்மை, தஞ்சாவூர் வீணை, திருபுவனம் பட்டு, நரசிங்கம்பேட்டை நாகஸ்வரம் எல்லாம் பெற்றிருக்கின்றன. 2025-இல் கும்பகோணம் வெற்றிலையும் சேர்ந்தது. இந்தப் பட்டியலைப் பார்த்து “அரிசிக்கும் வாங்கிடலாம்” என்று கிளம்புவது இயல்பு.

ஆனால் இவற்றில் பெரும்பாலானவை கைத்தொழில். வேலை ஒரு தெருவில், ஒரு ஊரில் நடக்கிறது. எல்லை வரைவது எளிது. நெல்லின் கதை வேறு. புவிசார் குறியீட்டுக்கு, பொருளின் தரமோ நற்பெயரோ அந்த மண், நீர், பருவம் இவற்றிலிருந்து வருகிறது என்று காட்ட வேண்டும். மாப்பிள்ளைச் சம்பா டெல்டாவுக்கு வெளியேயும் நன்றாகவே விளைகிறது. ‘தஞ்சை மாப்பிள்ளைச் சம்பா’ வேறு மாவட்டத்து மாப்பிள்ளைச் சம்பாவிலிருந்து எதில் வேறு என்று பதிவகத்தின் ஆலோசனைக் குழு கேட்டால், ‘காவிரித் தண்ணி’ என்ற பதில் போதாது. சமைத்த அரிசியின் சோதனை முடிவு வேண்டும்.

இதற்கு நேர்மாறாக, நாகப்பட்டினம் கடலோரத்து உப்பு நிலத்தில் நிற்கும் குழியடிச்சானைப் பாருங்கள். மற்ற ரகங்கள் கருகும் மண்ணில் அது விளைகிறது. கேரளத்தின் பொக்காளி அரிசி, உவர்நீர் வயல்களோடு ஒட்டிய ரகம் என்பதாலேயே குறியீடு பெற்றது. அதே வழியில் வாதாட நம் கடலோரத்துக்கு இடம் இருக்கிறது. நெல்லுக்குப் புவிசார் குறியீடு என்றால், உழைப்பை அங்கே போடுவதே சரி.

விண்ணப்பத்தைத் தனி ஆள் போட முடியாது. உற்பத்தியாளர் சங்கமோ, அவர்களுக்காக நிற்கும் அமைப்போ போட வேண்டும். எல்லையைக் காட்டும் வரைபடம், வரலாற்றுச் சான்று, உற்பத்தி முறை, தரத்தைக் கண்காணிக்கும் குழு ஆகியவை தேவை. வரலாற்றுச் சான்று என்பது பழைய அரசிதழ், மாவட்ட விவரச்சுவடி, பழைய ஏல அறிவிப்பு போன்ற அச்சான ஆதாரம். எல்லைக்கோடு சண்டையாக மாறும் என்பதற்குப் பாஸ்மதியே சாட்சி. 2016-இல் பதிவானபோது விடுபட்ட மத்தியப் பிரதேசம் ஆண்டுக்கணக்கில் நீதிமன்றம் ஏறி இறங்கியது. டெல்டாவிலும் எல்லைக்கோட்டை எங்கே நிறுத்துவது? திருச்சி, கடலூர் மாவட்டங்களின் பாசனப் பகுதிகளை உள்ளே சேர்ப்பதா வேண்டாமா? இதை விண்ணப்பத்துக்கு முன்பே பேசி முடிக்காவிட்டால், எதிர்ப்புக் காலத்தில் பக்கத்து மாவட்டத்துக்காரரே எதிர்த்து நிற்பார்.

பதிவு வந்த பிறகுதான் உண்மையான வேலை. ஒவ்வொரு விவசாயியும் அங்கீகரிக்கப்பட்ட பயனராகத் தனியே பதிய வேண்டும். அதற்கான கட்டணத்தை 2020-இல் 500 ரூபாயிலிருந்து 10 ரூபாயாகக் குறைத்தார்கள். தடையாக இருப்பது பணம் இல்லை, ஆளுக்கு ஆள் படிவம் நிரப்பும் வேலை. பயனராகப் பதியாதவருக்கு அந்தக் குறியீட்டை அச்சிடும் உரிமை கிடையாது. விழா எடுத்துச் சான்றிதழ் வாங்கிவிட்டு, பயனர் பட்டியலை நிரப்பாமல் விட்ட குறியீடு சுவரில் மாட்டிய படம்தான். இதைத் தொடர்ந்து கவனிக்க ஒரு நிரந்தரச் செயலர் உங்கள் சங்கத்தில் இருக்கிறாரா என்று முதலில் பாருங்கள். இல்லை என்றால் இந்த வழிக்கு இப்போது போகாதீர்கள்.

முறைக்கு: காப்புரிமையா, மறைப்பா

கருப்புக் கவுனியை இரவு முழுக்க ஊற வைத்தால்தான் வேகும். அதை அரை மணியில் வேகவைக்கும்படி ஊறல், ஆவி, உலர்த்தல் வெப்பநிலை மூன்றையும் புதிதாகக் கோத்து ஒருவர் முறை கண்டிருந்தால், அங்கே காப்புரிமைக்கு இடம் உண்டு. அது பயிர்த் தொழில் முறை அல்ல, பதப்படுத்தும் முறை. ஆனால் வழக்கமான புழுங்கலில் நேரத்தைச் சற்று மாற்றியது மட்டும் போதாது. துறை தெரிந்தவருக்கு எளிதில் தோன்றாத படி ஒன்று இருக்க வேண்டும். அதைச் சோதனை எண்களோடு காட்ட வேண்டும்.

தனிநபருக்கும் சிறு நிறுவனத்துக்கும் இணையவழி விண்ணப்பக் கட்டணம் 1,600 ரூபாய், ஆய்வுக் கோரிக்கைக்கு 4,000. முதலில் தற்காலிக விவரக்குறிப்பைப் போட்டு, 12 மாதத்துக்குள் முழு விவரக்குறிப்பைக் கொடுக்கலாம். ஆய்வுக் கோரிக்கைக்கு முன்பு 48 மாதம் இருந்தது. 2024 விதித் திருத்தம் அதை 31 மாதமாகக் குறைத்துவிட்டது. பழைய கணக்கில் இருப்பவர்கள் விண்ணப்பத்தையே இழப்பார்கள். அரசுக் கட்டணம் குறைவுதான். விவரக்குறிப்பும் கோரிக்கைகளும் எழுதும் முகவரின் கட்டணமே பல மடங்கு ஆகும். உரிமைக் கோரிக்கையை மலிவாக எழுதினால், அடுத்தவன் வெப்பநிலையைச் சற்று மாற்றித் தப்பிவிடுவான்.

நெல்லைச் சார்ந்த கண்டுபிடிப்பு என்பதால் இன்னொரு படியும் உண்டு. உயிர்வளம் எங்கிருந்து வந்தது என்று விவரக்குறிப்பில் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் அதுவே எதிர்ப்புக்குக் காரணமாகும். 2023-இல் திருத்திய பல்லுயிர்ச் சட்டப்படி, காப்புரிமை வழங்கப்படும் முன் தேசியப் பல்லுயிர் ஆணையத்தில் பதிய வேண்டும். அந்த ஆணையம் சென்னைத் தரமணியில்தான் இருக்கிறது. ரகப் பதிவுக்கு விண்ணப்பிப்பவருக்கு இந்தப் படி தேவையில்லை.

டெல்டாவில் காப்புரிமையைக் கொல்வது பெரும்பாலும் யூடியூப். முறையைக் காட்டி வீடியோ போட்டாகிவிட்டது, கண்காட்சியில் விளக்கியாகிவிட்டது, பிறகு விண்ணப்பம் என்றால் புதுமை போய்விட்டது. அரசு அறிவித்த கண்காட்சிகளுக்கு ஒரு குறுகிய விலக்கு உண்டு. நெல் திருவிழாவும் வீடியோவும் அதில் வராது. முறையைக் கையில் வைத்திருப்பவர் விண்ணப்பித்துத் தேதியை வாங்கிய பிறகு எவ்வளவு வேண்டுமானாலும் காட்டலாம்.

இன்னொரு தொல்லை, மீறலைப் பிடிப்பது. அடுத்த ஆலையின் சுவருக்குள் என்ன வெப்பநிலை ஓடுகிறது என்று எப்படி நிரூபிப்பது? அதனால் முறையைச் சொந்த ஆலையில் வைத்திருப்பவர் அதை இரகசியமாக வைப்பதே பல நேரம் லாபம். இந்தியாவில் வணிக இரகசியத்துக்குத் தனிச் சட்டம் இல்லை. 2024 மார்ச்சில் 22-ஆவது சட்ட ஆணையம் தன் 289-ஆவது அறிக்கையில் தனிச் சட்டம் வேண்டும் என்று சொன்னது. இப்போதைக்கு ஒப்பந்தம்தான் காப்பு. வேலையாளிடமும் ஆலைக்காரரிடமும் எழுத்தில் வாங்குங்கள். ஊறலை ஒரு இடத்திலும் உலர்த்தலை வேறு இடத்திலும் வைத்தால் முழுப் பக்குவம் ஒருவர் கைக்குப் போகாது. வாடகை ஆலையில் அரைக்கும் குழுவுக்கு இரகசியம் நிற்காது. அவர்கள் காப்புரிமையையோ, வேறு யாரும் சொந்தம் கொண்டாடாதபடி முறையை வெளிப்படையாக எழுதி வெளியிடுவதையோ தேர்வது நல்லது.

எழுதி வைப்பது

சொந்தம் கொண்டாட விரும்பாமல், வெளியாள் சொந்தம் கொண்டாடாமல் இருந்தால் போதும் என்பவர்களுக்கு இது. மஞ்சள் புண்ணை ஆற்றும் என்பதற்கு அமெரிக்காவில் 1995-இல் கொடுத்த காப்புரிமை, இந்திய அறிவியல் தொழிலக ஆராய்ச்சிக் கழகம் எழுத்துச் சான்றுகளைக் காட்டிய பிறகு 1997-இல் ரத்தானது. பாட்டி சொன்னாள் என்றால் அங்கே எடுபடாது. எழுதியிருந்தது எடுபட்டது. ஊராட்சியின் மக்கள் பல்லுயிர்ப் பதிவேட்டில் ரகத்தின் பெயர், பண்பு, யார் காத்தது, எந்த நிலத்தில் என்று தேதியோடு எழுதி வையுங்கள். பக்குவத்தின் இரகசியப் படியை மட்டும் அதில் எழுத வேண்டாம்.

எதை முதலில்

அரிசி மட்டும் விற்கும் குழு: பெயர் தேடல், 30-ஆம் வகுப்பில் வணிகக் குறி, நிறுவனத்தின் பெயரில். அடுத்த ஆறு மாதத்துக்கு வேறு எதுவும் வேண்டாம். மாநிலச் சிறுதொழில் திட்டங்களில் பதிவுச் செலவின் ஒரு பங்கைத் திரும்பப் பெற வழி உண்டா என்று மாவட்டத் தொழில் மையத்தில் கேளுங்கள்.

விதையும் விற்கும் குழு: 30, 31 இரண்டும், அதோடு உழவர் ரக விண்ணப்பம். சண்டை என்று வந்தால் சென்னை உயர் நீதிமன்றத்தில் 2023 முதல் அறிவுசார் சொத்துக்கெனத் தனிப் பிரிவு இயங்குகிறது. 2021-இல் அறிவுசார் சொத்து மேல்முறையீட்டு வாரியத்தைக் கலைத்த பிறகு ஏற்பட்ட திணறல் தமிழ்நாட்டில் இதனால் ஓரளவு நீங்கியிருக்கிறது. ஆனால் அங்கே போகும்போது எடுத்துச் செல்ல வேண்டியவை இப்போதே சேர வேண்டும்: முதல் விற்பனைச் சீட்டு, பை அச்சடித்த ரசீது, பருவவாரியான வயல் குறிப்பேடு, தேதி தெரியும் படங்கள்.

ரக விண்ணப்பத்தை நினைப்பவர்கள் ஆடியிலேயே முடிவெடுக்க வேண்டும். நாற்றங்காலைத் தனியாக விட்டு, குத்துக்கு ஒரு நாற்றாக நட்டு, கதிர்விடும் நாளைக் குறித்தால்தான் தையில் அனுப்பத் தகுந்த விதை கையில் இருக்கும். இந்தச் சம்பாவைத் தவறவிட்டால் அடுத்த சம்பா வரை காத்திருக்க வேண்டும்.